ஜெர்மனிக்கு இறக்கம், ஓசூருக்கு ஏற்றம்

எண்பதுகளில் ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். அதை ஓட்டப் பழகிவர ஒரு மாதம் என்னை அங்கே அனுப்பினார்கள். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பம்பாயில் அதிகாலை இரண்டுக்கு ஏறினால் பிராங்பர்ட்டில் காலை ஆறரைக்கு இறங்கலாம் என்றார் ஆபீஸ் கிளார்க். ஆக, நாலரை மணி நேரம். சேலத்துக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் ஜெர்மனியே போய்விடலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

திரும்புவது ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி விமானம். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சூளகிரியில் அக்கா மகளுக்குக் காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அக்காவுக்கோ என்னை விட்டால் வேறு தம்பி கிடையாது. “ஒரு மணிக்கு ஏறுனா அஞ்சரைக்குப் பம்பாய். ராத்திரியே வீட்டுல இருப்பேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒத்துக்கொள்ளாதவர் அக்கா வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் கிருஷ்ணகிரி - ஓசூர் பஸ் டிரைவர். கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்.

“ஆகல்ல மாப்ள, ஆகல்ல! கிருஷ்ணகிரிக்கு எறங்கறப்ப ஒரு மணி நேரம். திரும்பி மேலுமலை ஏறி வர்றப்ப?”

“ஒன்றரை, மாமா.”

“நாலரை மணி நேரத்துல அவ்ளோ தூரம் போவுதுன்னா அது பூரா எறக்கம். வர்றப்ப பூரா ஏத்தம். பர்ஸ்ட் கியர்லதான் வரணும்.”

வானத்தில் ஏது மாமா மேடு என்று கேட்டேன். “நீ ஓட்டியிருக்கியா?” என்றார். நானும் ஓட்டியதில்லை. கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

போகும்போது போலவே திரும்பும்போதும் விமானத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். இறங்கப்போகிறோம், பம்பாயில் இப்போது வெள்ளிக்கிழமை அதிகாலை இரண்டு மணி என்று மைக்கில் சொன்னார்கள். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றாக ஓடாது என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் தீர்க்கரேகைக் கணக்குப் போட்டு முழு மார்க் வாங்கியவன்தான் நான்.

காலை விமானத்தில் பெங்களூர் வந்து, பஸ் மாறிச் சூளகிரியில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. யார் மடியில் உட்காரவைத்தார்களோ, அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகையே வந்துவிட்டது.

பந்தலில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. குழந்தையின் காதும் அப்படியே இருந்தது. “வாடா! ஒங்க மாமா ஐயருகிட்ட சண்ட போட்டு, ராகு காலம் கழிச்சுப் பன்னண்டரைக்கு மாத்திட்டாரு. ஏத்தத்துல வர்ற வண்டி லேட்டாவுமாம்” என்றாள் அக்கா.

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் மாமா என்னைப் பார்த்து, “எப்டி மாப்ள, ஏத்தம் பலமா?” என்றார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மடியில் குழந்தை கனத்தது.

“ஆமா மாமா, ரொம்பப் பலம்” என்றேன்.