ஏழு நிமிஷமும் ஒரு இருமலும்

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது ஐம்பதுக்கு, சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், என் கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுத்தார்கள்.

கல்யாணம் இல்லை. போட்டி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படிப் புதுசாகப் பாடம் நடத்தலாம் என்று யோசனை சொல்லும் போட்டி. ஆளுக்கு ஏழு நிமிஷம். ஜெயிக்கிற யோசனையை ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பார்கள். அதுதான் பரிசு.

இதில் எனக்கு என்ன வேலை? நேரம் பார்ப்பது. எழுந்த நேரம், பஸ் வந்த நேரம், பஸ் வந்திருக்க வேண்டிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற ஆள் என்று இந்தப் பத்தியில் நானே பல முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். யாரோ படித்திருக்கிறார்கள். ஆறாவது நிமிஷம் ஒரு மணி, ஏழாவது நிமிஷம் இரண்டு மணி. அதற்குமேல் யார் பேசினாலும் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

முதலில் வந்த டாக்டருக்குப் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. "நெக்ஸ்ட் ஸ்லைடு... நெக்ஸ்ட் ஸ்லைடு..." என்று ஐந்து நிமிஷம் வெள்ளைச் சுவரைக் காட்டியே பேசினார். சுவர் சுத்தமாக இருந்தது. அடுத்தவர் மொத்தப் பாடத்தையும் ஒரே சி.டி.யில் அடக்கிவிட்டதாகச் சொன்னார். அந்த சி.டி.யை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாவது ஆள் சிவகாசிக்காரர். அப்பாவுக்கு ஆஃப்செட் அச்சகம், பிள்ளை எலும்பு டாக்டர். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? காலண்டர். மாசத்துக்கு ஒரு எலும்பு, நாலு கலரில், ஹாஸ்டல் சுவரில் தொங்கும். கைதட்டல் பலமாக இருந்தது. நான் மட்டும் தாளில் கணக்குப் போட்டேன். மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பு. மாசத்துக்கு ஒன்று என்றால் பதினேழு வருஷம், இரண்டு மாசம். அதற்குள் அந்த மாணவருக்கே முட்டி தேய்ந்துவிடாதா?

நான்காவதாக வந்தவர் டாக்டர் நூர்ஜஹான். விருதுநகரில் பருப்பு வியாபாரக் குடும்பம். முப்பது வயசு இருக்கும். புரொஜெக்டர் இல்லை, சி.டி. இல்லை. ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

செல்லத்தாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம். பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிற வேலை. நல்ல சேலை, கையில் ஒரு தூக்குவாளி. மண்டபத்தில் சாப்பாடு உண்டு என்று சொல்லியும் நம்பவில்லையாம்.

"நம்ம பிள்ளைங்க அஞ்சு வருஷம் நோயைப் படிக்கிறாங்க. நோயாளிகிட்டப் பேசப் படிக்கிறதில்லை" என்றார் டாக்டர். "இந்த அக்கா மாதிரி ஆளுகளை வகுப்புக்கு டீச்சரா கூப்பிடுவோம். அவங்க எப்படிப் பேசுவாங்க, எதைச் சொல்ல மாட்டாங்க, எப்படிக் கேட்டாச் சொல்லுவாங்க... எல்லாத்தையும் பிள்ளைங்க அவங்ககிட்டயே கத்துக்கிடட்டும். இப்ப ஒருத்தர் மாணவரா வந்து உக்காருங்க. என்ன செய்யுதுன்னு அக்காகிட்டக் கேளுங்க."

நடுவர்களில் மூத்தவர், மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர், தானே எழுந்து வந்தார். மேடையில் நாற்காலி போட்டார்கள். முழுக்கைச் சட்டை, மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பேனா.

"பேரு?"

"செல்லத்தாய்ங்க."

"வயசு?"

"முப்பத்தெட்டுங்க."

"என்ன வேலை?"

"சரம் பின்னுறதுங்க."

"சரி. என்ன தொந்தரவு?"

செல்லத்தாய் விறைப்பாக நிமிர்ந்தார்.

"ஒரு தொந்தரவும் இல்லீக சார். எட்டு மணி நேரந்தான் வேலை. குடிதண்ணி இருக்கு. கையுறை தாராக. சின்னப் பிள்ளைக யாரும் வேலைக்கு வாரதில்லீக."

மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... போட்டிக்கு நன்கொடை தந்த முன்வரிசைப் பட்டாசு ஆலைக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவர்களுக்குத்தானே தெரியும்? ஆய்வுக்கு அதிகாரி வந்தால் சொல்ல வேண்டிய பதில் அது. ஃபோர்மேன் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அட்டை, தாள், பேனா என்று மூன்றும் சேர்ந்து ஓர் ஆள் எதிரே உட்கார்ந்தால் போதும், பதில் தானாக வந்துவிடும்.

"நான் ஆய்வுக்கு வரலைம்மா. டாக்டர்" என்றார் பேராசிரியர்.

"சரிங்க சார்."

"இருமல் உண்டா?"

செல்லத்தாய் இருமினார். சின்ன இருமல் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மைக்கே அதிர்கிற மாதிரி ஓர் இருமல். முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்:

"இல்லீக."

என் கடிகாரத்தில் நாலு நிமிஷம் பத்து விநாடி.

டாக்டர் நூர்ஜஹானின் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் மூன்று தடவை ஒத்திகை பார்த்தபோது அக்கா நிறுத்தாமல் பேசியவராம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், டாக்டர் பதறவில்லை.

"சார், அந்த அட்டையையும் பேனாவையும் எங்கிட்டக் குடுங்க. நாற்காலி வேண்டாம். அக்காகூட அந்தப் படியில உக்காருங்க."

பேராசிரியருக்கு மூட்டுவலி. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, ஒரு 'அப்பாடா' சொல்லி உட்கார நாற்பது விநாடி ஆனது. செல்லத்தாய் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

பேராசிரியர் முட்டியைத் தடவி விட்டுக்கொண்டார். நான் ஆறாவது நிமிஷ மணியை அடித்தேன்.

"சாப்பிட்டீகளா?" என்றார் பேராசிரியர். அதுவரை பேசிய தமிழ் வேறு. இது வேறு.

"ரெண்டு இட்லிங்க."

"ரெண்டு போதுமா? வேலைக்குப் போற ஆளு."

"எறங்க மாட்டேங்குது சார். ராவெல்லாம் இருமி இருமி... பொங்கல்ல இருந்தே இப்படித்தான் கெடக்கு. போன வாரம் சளியில..."

நான் இரண்டு மணி அடித்தேன்.

ஏழு நிமிஷம் என்றால் ஏழு நிமிஷம்தானே?

"சார், கொஞ்சம் விடுங்க" என்று பின்னாலிருந்து குரல்கள். ஆனால் அதற்குள் செல்லத்தாய் எழுந்துவிட்டார். ஆலையில் இரட்டை மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது வழக்கம். வாக்கியத்தையும் அப்படியே வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் நூர்ஜஹான் என் மேஜையைக் கடந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "அரை நிமிஷம் தந்திருக்கலாம் சார்."

எனக்குச் சுருக்கென்றது. விதி என் பக்கம்தான் இருந்தது. இருந்தும் அதற்குப் பிறகு வந்த நாலு பேருக்கு மணியை மெதுவாகத்தான் அடித்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பந்தி. கை கழுவுகிற இடத்தில் செல்லத்தாய் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன்.

"மணி அடிச்ச சார் நீங்கதான?" என்று அவரே முந்திக்கொண்டார். "நல்ல வேளை அடிச்சீக."

"நல்ல வேளையா?"

"நீங்க அடிச்சப்பதான் நிமிந்து பாத்தேன். மூணாவது வரிசையில எங்க ஃபோர்மேன் உக்காந்திருக்காரு. சீக்காளின்னு தெரிஞ்சா நாளைக்கு எனக்கு ஆலை வேன் நிக்குமா? டாக்டரம்மா நல்ல பிள்ளைதான். ஆனா அம்புட்டுப் பேரு முன்னாடி மைக்கு வச்சுக் கேட்டா யாரு சொல்லுவா?"

அதைக் கேட்டுக்கொண்டு என் பின்னால் டாக்டர் நூர்ஜஹானும் நின்றிருக்கிறார். எனக்கும் தெரியாது, செல்லத்தாய்க்கும் தெரியாது. டாக்டர் நேராகப் போய்ப் பேராசிரியரிடம் ஏதோ சொன்னார்.

பந்தியில் கடைசி வரிசை. செல்லத்தாய்க்கு ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் பேராசிரியர். எதிர் வரிசையில் நான். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், மேடையில் பாதியில் நின்ற வாக்கியம் சத்தமில்லாமல் முடிந்தது. சளியில் ரத்தம். இரண்டு தடவை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பேராசிரியர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரசம் இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க. இன்னைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோமா?"

"லீவு போட்டா வேன்ல எடம் போயிரும் சார்."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானக்கா" என்றார் டாக்டர். "லேப்காரர் எங்க அண்ணனுக்குக் கூட்டாளி. மூணு மணிக்குத் தெறக்கச் சொல்லுறேன். நாலரை பஸ்ஸுக்கு நீங்க ஊருக்குப் போயிரலாம்."

"படம் எடுத்தா வலிக்குமா?"

"போட்டோ எடுத்தா வலிக்குமாக்கா?"

"நான் போட்டோவும் எடுத்ததில்லையே, தாயி."

இரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள். முதல் பரிசு காலண்டருக்கு! மதிப்பெண் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்பே போட்டாகிவிட்டது. விதிப்படி சரிதான். மேடையைவிட்டு இறங்கிய பேராசிரியர் டாக்டர் நூர்ஜஹானைக் கூப்பிட்டார்.

"உங்க யோசனையில ஒரே ஒரு தப்பு. நீங்க அந்தம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டீங்க."

"புரிஞ்சது சார். பிள்ளைங்கதான் அங்க போகணும்."

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நாலு பேரை அனுப்புறேன். என்ன கொண்டுவரச் சொல்லட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். பேனாகூட வேண்டாம்."

எக்ஸ்ரேயோடு செல்லத்தாயின் சளியையும் சோதித்தார்கள். காசநோய். ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது, குணமாகிவிடும். அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு டாக்டரே ஃபோர்மேனிடம் பேசினார். இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு, டாக்டர் கடிதத்தோடு வேலைக்கு வரலாம் என்று முடிவானது. வேன் நிற்கிறது. ஜன்னல் ஓரச் சீட்டு வேறு கிடைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தயக்கமாம், அதனால் கால் நீட்டிக்கொள்ளவும் வசதி. "எழுதிக்கிடுங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றார் செல்லத்தாய். மாற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் நாலு பேர் முதல் முறையாக, சரம் பின்னுகிற பெண்களைப் பார்க்க, ஏழாயிரம்பண்ணைக்குப் போய்வந்தார்கள். காலை பத்து முதல் மாலை நாலு வரை. பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "என்னப்பா, நிறையப் பேசினார்களா?" என்று கேட்டேன்.

"நிறைய சார்" என்றான் ஒருவன், சோர்ந்துபோய். "எந்த ஊரு, எம்புட்டு மார்க்கு, அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, அப்பா குடிப்பாரா, ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்க, ராத்திரி ஒழுங்காத் தூங்குதியா... எல்லாம் கேட்டாங்க."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கலாம்னு இருந்தோம் சார். அதையும் அவங்களே முந்திக் கேட்டுட்டாங்க."

ஒரு தாள் இல்லை, ஒரு பேனா இல்லை... நாலு பேரின் உடம்பு, மனசு, குடும்பம் மொத்தத்தையும் அந்தப் பெண்கள் ஆறு மணி நேரத்தில் கேட்டு வாங்கிவிட்டார்கள். டீச்சர்கள் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள், பிள்ளைகளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.