இரண்டாம் பாகத்தில் நான் யாருக்கு என்ன உறவு

எனக்குக் கல்யாணம் ஆனபோது முப்பது தாண்டியிருந்தது. பழனி அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பூஜைச் சாமான் கடை. ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று தட்டிக்கொண்டே போன கல்யாணம், கடைசியில் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டும் ஒருவரிடம் வந்து நின்றது. அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதிமூன்று வயதில் ஒரு மகள். இதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். அந்த மகள் என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சித்தி என்று கூப்பிடச் சொல்லி அவர் மகளிடம் சொன்னது எனக்குத் தெரியும். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. அவளும் சரி என்றாள். ஆனால் கூப்பிடவில்லை. கொடைக்கானலில் கடைக்காரம்மா முதல் டீச்சர் வீட்டம்மா வரை எல்லாரும் ஆன்ட்டிதான். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை. தமிழில் ஒரு ஆளைக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். 'இந்தாங்க', 'இங்க பாருங்க', 'சோறு போதுங்க' என்பாள். 'ங்க' போடுவதில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை அது. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டும். அதுதான் எனக்குப் பயம். வாயை விட்டு ஒரு தடவை சித்தி என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு வேர் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவளுடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்த்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு டீச்சர் அந்தப் பெட்டியையும் அதோடு ஒரு கேம் சிடியையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த கேம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஆட்களை உண்டாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, அவர்களைச் சமைக்க வைக்க வேண்டும், குளிக்க வைக்க வேண்டும், வேலைக்கு அனுப்ப வேண்டும். நேரத்துக்குக் கக்கூஸுக்குக்கூட நாம்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் கிடக்கிற சோலி பத்தாதென்று பெட்டிக்குள்ளும் போய்ப் பாத்திரம் கழுவுவானேன் என்று இருந்தது.

அம்மாவும் மகளும் சேர்ந்து அதில் தங்கள் குடும்பத்தையே செய்து வைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, எட்டு வயதுப் பிள்ளை. அந்த முதல் பாகத்தில் யாருக்கும் வயசாகாது. வெளியே இவள் வளர்ந்து தாவணி போடுகிற உயரம் வந்துவிட்டாள்; உள்ளே எட்டு வயதிலேயே நின்றுகொண்டிருந்தாள். அம்மாவும் உள்ளே இருந்தார். தினமும் காலையில் எழுந்து முட்டை பொரித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோளில் பையோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்த பிறகுதான் இவள் முகம் கழுவப் போவாள். நான் டீயோடு பின்னால் நிற்பேன். திரையில் மீசை வைத்த என் புருஷன் இன்னொருத்தியோடு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே டீ கொடுத்த பெண்டாட்டி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்த கேமுக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று அவருக்குச் சொன்னது டாக்ஸியில் வந்த பிள்ளைகள். மதுரைக்குச் சவாரி போனவர் தேடிப் பிடித்து வாங்கிவந்துவிட்டார். ஒரு பையில் நாலு சிடி. இதில் ஆட்களுக்கு வயசாகுமாம், பிள்ளைகள் வளருமாம், மூக்கு முழியை நம் இஷ்டத்துக்குச் செதுக்கலாமாம் என்று கேட்டுவந்ததையெல்லாம் ஒப்பித்தார். அன்றைக்குத்தான் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டேன். தங்கள் குடும்பம் அப்படியே இதற்குள் வந்துவிடும், தான் உள்ளேயும் பெரியவளாகலாம், காலேஜ் போகலாம், அம்மா அதைப் பார்ப்பார் என்று அப்பாவிடம் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை என்னையும் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது போதும் போலிருந்தது.

மூஞ்சிக்கல் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரை அவரே காரில் கூட்டிவந்தார். வெளியே பனிமஞ்சு இறங்கி எதிர்வீடே தெரியவில்லை. வந்தவர் பெட்டியைக் கழற்றி ஏதோ கார்டு ஒன்றைச் சொருகினார். பிறகு, டிஸ்க்கில் இடமே இல்லை, பழசை எடுத்துவிட்டுத்தான் புதுசை ஏற்ற முடியும் என்றார். எடுக்கட்டுமா என்று அவளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவள் அதைக் குடிமாறுவதாக நினைத்திருக்கிறாள். பழைய வீட்டைக் காலி செய்தால் ஆட்கள் புது வீட்டுக்குத்தானே வந்து சேர வேண்டும். அவரும் அப்படித்தான் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலு சிடியும் ஏறி முடிவதற்குள் ஒரு தடவை கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஒருவழியாகத் திறந்தபோது பச்சைப் புல்லும் ரோடும் வரிசையாக வீடுகளும் தெரிந்தன. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்த் தேடினாள். மூஞ்சிக்கல்காரர் தலையைச் சொறிந்தார். அந்த ஆட்கள் இதில் வரமாட்டார்கள், இது வேறு கேம், புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். எடுத்தது திரும்ப வருமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

என் வீட்டுக்காரர் குடும்பம் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்தது. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கப்பலேறி வந்தவர்கள். "அம்மிக்கல்லக்கூடக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தோம்," என்றார் அந்த மனிதரைப் பார்த்து. "நாலு தட்டு வச்சிருக்கீங்க, மூணு பேரக் கொண்டார ஏலாதா?"

அவள் பெட்டியை அணைத்து, மேலே போடுகிற துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தினாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாங்க என்றாள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. ஆசையாய் வாங்கிவந்த மனுஷன் மேலும் வந்தது. அந்த அம்மாள் இரண்டாவது தடவை போய்விட்டார் என்று துக்கப்படுவதா, அது வெறும் பொம்மைதானே என்று தேற்றுவதா, நான் பேசினாலே தப்பாகிவிடுமா என்று ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே வந்து, "கொஞ்சம் வாங்க. இந்தச் சேர்ல உக்காருங்க," என்றாள். கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்திருந்தாள். அவள் அம்மாவின் போட்டோ திரையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அந்த அம்மாள் ஏற்கெனவே தயாராகி நின்றார், போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் ஒல்லியாக. அப்பாவும் தயார், மீசை மட்டும் கூடுதல்; பக்கத்தில் சின்னப் பிள்ளையாக அவளும். இப்போது என் முறை. என்னைத் திரும்பச் சொன்னாள், நிமிரச் சொன்னாள். ஒரு விரலால் என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வந்த நாளாக அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கு பெரிசு என்று அவளாகவே சொல்லி, பெரிசாக்கினாள். இதில் மூக்குத்தி இல்லை என்றாள். சேலையும் கிடையாது, அதனால் எனக்கு நீலப் பேன்ட் மாட்டிவிட்டாள். பழனியில் யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று கேட்டேன். அவள் உதடு லேசாக அசைந்தது.

முகம் முடிந்ததும் உறவைப் போட வேண்டும். யார் யாருக்கு என்ன என்று ஒரு பட்டியல் வந்தது. புருஷன் பெண்டாட்டி, அம்மா அப்பா, பிள்ளை, கூடப் பிறந்தவர், ரூம்மேட். அவ்வளவுதான். அவள் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி நான் கேட்பதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று, ரூம்மேட் என்றே போட்டுவிடு, பரவாயில்லை என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு கோடு இழுத்தாள். அது என்னிடமிருந்து கிளம்பி அவள் அம்மாவிடம் போய் நின்றது.

எனக்குப் புரியவில்லை. கார் துடைத்துவிட்டு உள்ளே வந்த அவருக்கும் புரியவில்லை. எதற்கு இரண்டு பேரையும் கோத்துவிட்டிருக்கிறாய் என்று கேட்டார். அவள் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் மாதிரி சொன்னாள்: "லிஸ்ட்ல சித்தி இல்லப்பா. சித்தின்னா அம்மாவோட தங்கச்சி. சிஸ்டர்னு போட்டா தானா சித்தி ஆயிரும்ல."

இவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் இவள் எனக்கு என்ன என்றார். கொழுந்தியா என்றாள். அவர் துடைத்த காரையே மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

சித்தி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டாயிற்று. ஆனால் அது கூப்பிட்டதில் சேருமா, விளக்கத்தில் சேருமா? அன்று முழுக்க அதே யோசனை. ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு பக்கம், பெட்டிக்குள் உயிரோடு இருக்கிற அக்கா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட தங்கச்சிக்கு என்ன பெரிய இடம் என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலம் டீ கொடுக்கும்போது இன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "பாத்திரம் கழுவுனீங்க. வேலைக்கு லேட்டா போனீங்க. அம்மாகூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்க," என்பாள். என்ன பேசினேன் என்று கேட்டால், அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழி என்று யாருக்கும் தெரியாது என்பாள். ஒருநாள் உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தார். அவள் வெரசாக மவுஸை அழுத்தி அவரைக் குளிக்க அனுப்பிவிட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

பிறகு ஒருநாள் உள்ளே பிறந்தநாள் கேக் வெட்டி அவள் பெரியவளானாள். கையைத் தட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதே வாரம் அம்மாவுக்கும் ஒரு கேக் வந்தது. வெட்டி முடித்தபோது தலை முழுக்க நரைத்துவிட்டது, முதுகும் வளைந்துவிட்டது. இவள் முகம் செத்துப்போயிற்று. வயசாகும் என்றால் பிள்ளைகள் வளர்வது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். இந்த இரண்டாம் பாகத்தில் வயசு எல்லாருக்கும்தான் ஏறுகிறது, எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்ததுதான் என்று அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

மூஞ்சிக்கல்காரருக்குப் போன் போட்டேன். சேவ் பண்ணாமல் வெளியே வந்துவிட்டால் அன்றைய நாள் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்றார். அவள் அப்படியே செய்தாள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, சேவ் பண்ணாமல் அணைத்துவிடுவாள். மறுநாள் திறந்தால் அதே காலை, அதே முட்டை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவளும் உள்ளே காலேஜ் போக முடியவில்லை. இவள் வளர வேண்டுமென்றால் அம்மாவுக்கு நாள் கழிய வேண்டும். இதில் எது வேண்டும் என்று அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, நரைத்த தலையோடு நீலப் பேன்ட்டில் ஒருத்தி பாத்திரம் கழுவுவதைப் பார்த்தேன். உங்களுக்கும் நரைச்சிருச்சு என்றாள். மறுபடி சேவ் பண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று அதில்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சீசன் நேரம், அவர் காலையில் வெள்ளனே சவாரி போயிருந்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து வாங்க என்று ஒரு குரல் வந்தது. போய்ப் பார்த்தேன். திரையில் கறுப்புத் துணி போர்த்திய, எமன் மாதிரி ஒரு உருவம் அவர்கள் வீட்டு நடுவில் வந்து நின்றது. அந்த அம்மாள் பயப்படவில்லை. எல்லாரையும் பார்த்துக் கை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தரையில் ஒரு சமாதிக்கல் மட்டும் நின்றது.

சேவ் பண்ணாதே, அணைத்துவிடு, நேற்றைக்கே போய்விடலாம் என்று நான் படபடத்தேன். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்திருந்தால் நானே அணைத்திருப்பேன். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அவள் அப்பா கல்லுக்கு முன்னால் வந்து நின்று அழுதார். பெரியவளான அவளும் அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும், நீலப் பேன்ட் போட்டவள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாள்.

நீதான் அழச் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை, அதுவாக அழுகிறது என்றாள்.

"நான் எதுக்கு இம்புட்டு அழுவுறேன்?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரிதான் இருந்தது அந்தப் பார்வை.

"அம்மா உங்களுக்கு அக்காதானே," என்றாள். "அழத்தானே செய்வீங்க."

நான் அந்த அம்மாளை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையில் பீன்ஸோடு, நிறுத்த முடியாமல் அழுதேன்.