கதிரவேள் கொணர்ந்த பனிக்கட்டிப் பெட்டி

தோழர்களே, சென்ற திங்கள் விழுப்புரம் நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கிய நெசவாளர் ஒருவர் என் கையைப் பற்றி, "நம்ம கதிரவேளு காலையில போய்ட்டாருங்க" என்றார். "கூட்டம் எவ்வளவு?" என்பதே என் வாயில் வந்த முதற்கேள்வி. "தெரு கொள்ளலீங்க" என்றார் அவர். பதினைந்தாண்டுகள் என்னோடு மேடையேறியவர் மறைந்த செய்தியிலும் எனக்கு முந்தி வந்தது பொறாமை. அதை மறைத்து எழுதினால் இவ்விரங்கலுரை பொய்யுரை.

நான் முறையாகத் தமிழ் கற்றவன். அவரோ வயலில் பேசுவதை மேடையிலும் பேசினார். அவர் வாய் திறந்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்போர் கூடையை இறக்கிவைத்துக் கேட்பர். என் பேச்சில் விற்பனை குறைந்ததே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறுவது கேட்போர்க்கு நாங்கள் செய்த வணக்கம். திண்டிவனத்தில் ஒரு மாலை, மேடைப் பலகையின் ஆணி என் வலக்காலில் ஏறியது. நீரிழிவால் மரத்த கால், நான் அறியவில்லை. கூட்டம் திடீரென அடங்கியது. மல்லாட்டைக் கூடைகள் இறங்கின. கதிரவேள் என் துண்டை இழுத்து, "போதும் புலவரே, குந்துங்க" என்றார். என் வெற்றி பொறுக்காமல் தடுக்கிறார் என்றெண்ணி இன்னும் அரைமணி முழங்கினேன். கூட்டம் கண்டது என் காலடியில் தேங்கிய குருதியை.

புண்ணை மறைத்துக்கொண்டு மேலும் ஐந்து ஊர்களில் பேசினேன். விழுப்புரம் மருத்துவர் கம்பியால் துழாவிப் பார்த்து, "சீழ் எலும்புல எறங்கிடுச்சுங்க. பெனிசிலின் கெடைச்சாப் பார்க்கலாம். இல்லன்னா காலை எடுத்துடணும்" என்றார். உலகப்போர் முடிந்த மறு ஆண்டு அது, அம்மருந்து அரிது. நிற்கக் காலில்லாத பேச்சாளனை எந்த ஊர் அழைக்கும்?

அன்றிரவே கதிரவேள் சென்னைக்குப் புறப்பட்டார். மூன்றாம் நாள் மாலை, மருந்து சூட்டில் கெடாதிருக்க மரத்தூளும் பனிக்கட்டியும் நிறைத்த தகரப்பெட்டியில் மருந்துக் குப்பிகளோடு வந்தார். அன்று திண்டிவனம் மாநாட்டில் அவரே தலைமைப் பேச்சாளர், போகவில்லை. நன்றி சொல்ல வேண்டிய நான், "அப்படியானால் இன்று நீர் பேசவில்லையா?" என்றேன். குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கே கேட்டது.

அவர் சிரித்தார். "எம்மேல பொறாமப் பட்றதுக்கும் நிக்கக் காலு வேணுமே புலவரே. மொதல்ல ஊசி போட்டுக்கினு கெடங்க."

மருத்துவர் கால் பெருவிரலை நீக்கி, அழுகிய எலும்பைச் சுரண்டி எடுத்தார். மூன்று மணி நேரத்துக்கொரு ஊசி, பல நாள். ஊசிக்கு நான் முனகினால், "மைக்கு இல்லாமலே இன்னா கொரலு" என்பார் கதிரவேள். கூடம் முழுதும் சிரிக்கும். நோயாளிகள் என் கட்டிலைச் சூழ்ந்தது அவர் பேச்சைக் கேட்க. அங்கும் எனக்கு வயிறெரிந்தது.

கால் பிழைத்தது.

திண்டிவனம் இரங்கற் கூட்டத்தில், மருத்துவர் கட்டளைப்படி, செருப்போடு மேடையேறினேன். நான் பேசத் தொடங்கியதும் மல்லாட்டைக் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பழைய அச்சத்தில் குனிந்து காலைப் பார்த்தேன். குருதி இல்லை. அவ்வமைதி அவருக்கானது.

இக்கால் அவர் தந்தது. பொறாமை என்னுடையது. இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.