வேடியப்பன் வாயில் ரேடியோ

திருத்தணி ரயிலடியில் ஜட்கா ஓட்டிய வேடியப்பனுக்குக் குரல்தான் முதல். ரயில் நிற்பதற்கு முன்பே "மலைக்கி! கொண்டக்கி!" என்று தமிழுக்கு ஒன்றும் தெலுங்குக்கு ஒன்றுமாக அவன் போடுகிற கூச்சலில் மற்ற வண்டிக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள். அந்த வாயில்தான், எந்நேரமும் புகையிலை அடக்கிய இடது கன்னத்தில், புற்று வந்தது.

1945 தை மாதம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரேடியம் ஊசி வைத்துப் புண்ணை ஆற்றினார்கள். புண் போச்சு, ஆனால் தாடை இறுகிக்கொண்டது. வாய்க்குள் சுண்டுவிரல் நுழையாது. கஞ்சிதான் சாப்பாடு.

"தினமும் பல்லுக்கு நடுவுல பட்டையை அடுக்கி வாயைத் திறந்து பழகணும். விட்டா ஜென்மத்துக்கும் பூட்டிக்கும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மனைவி தாயம்மாள் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் ஒருவரிடம் மூங்கில் பட்டை கேட்டு வாங்கி, வழவழவென்று தேய்த்து வைத்தாள். இரண்டு பட்டை வைப்பதற்குள் வேடியப்பனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். பாவம், வலி அப்படி.

இதற்கிடையில் ஊர் தன் வேலையைக் காட்டியது. ரேடியத்தை எவன் கண்டான்? "வேடியப்பன் வாயில ரேடியோ வெச்சிட்டாங்களாம்!" என்று கனகம்மாசத்திரம் வரைக்கும் பேச்சு. யுத்தச் சேதி கேட்க ஆளாளுக்கு அவன் வண்டியில் ஏறிக் கன்னத்தருகே காதை நீட்டினார்கள். கூவாமலே வண்டி நிறைந்தது. நம்ம ஆளுக்குக் கேட்க வேண்டுமா? பட்டைகளைப் பரணில் போட்டுவிட்டான்.

பட்டையை விட்ட மூன்றாவது வாரம் கஞ்சி குடிக்கையில் டம்ளர் விளிம்பே பல்லில் இடித்தது. தாயம்மாளுக்கு வந்ததே கோபம்!

"யோவ், ஊமையாவே காலத்த ஓட்டிடலாம்னு பாக்கறியா? என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டு மூணு மாசமாச்சி. எல்லாத்தியும் உள்ளயே முனகிக்கினு கீற. உன் ரேடியோவும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!" என்றவள் அழுதேவிட்டாள்.

அன்றைக்கே அவனாகப் பரணில் கைவிட்டுப் பட்டைகளை எடுத்தான். பிறகு ஒரு நாள் தவறவில்லை. இரண்டு மூன்றாகி, மூன்று நாலாகி, ஆடிக் கிருத்திகைக்குள் ஏழு பட்டை ஏறிவிட்டது.

அன்று ரயிலடியில் காவடிக் கூட்டம் நெரிந்தது. ஜெகநாதன் என்ற வியாபாரி வண்டியேறி, அவன் கன்னத்தில் காதை ஒட்டி, "இன்னிக்கு இன்னாய்யா சேதி?" என்றார். தூரத்தில், தூக்குச் சட்டியோடு தாயம்மாள் அவனைத் தேடிக்கொண்டு நின்றாள். வேடியப்பன் வாயைத் திறந்தான்.

"தாயம்மா...!"

ஜெகநாதன் காதைப் பொத்திக்கொண்டு கீழே குதித்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"ஆங், வந்துகினுதான் கீறேன், கத்தாதே!" என்றாள் தாயம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.