வெந்நீரில் போன சால்வை

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் டிப்போவில் 'ஹாரன்' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. மனைவி நேர்மாறு. துணிக்கடைகளுக்குப் பூவேலை செய்து கொடுத்தவள். ஊசியைப் பிடித்துவிட்டால் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பூப்போட்டுக் கொடுத்தவள், தனக்கென்று வைத்திருந்தது ஒரே ஒரு கம்பளிச் சால்வை. காப்பிக்கொட்டை நிறம், ஓரம் முழுக்கச் சிவப்பு நூலில் தைத்த இலைக்கொடி. கொடியில் பாதி அவளுடைய அம்மா தைத்தது. கண் மங்கியதும் அம்மா ஊசியோடு அப்படியே கையில் கொடுத்துவிட, மீதியை இவள் முடித்தாள். அம்மாவின் இலைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். இவளுடையவை காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெளியே கிளம்பும்போது சால்வையை முக்கோணமாக மடித்து, முனை முதுகில் விழ, இடது தோளில் ஓர் ஊக்கைக் குத்திக்கொள்வாள். துவைப்பதென்றால் யாரையும் தொட விடமாட்டாள்.

"பச்சைத் தண்ணி மட்டுந்தாங்க. கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. துண்டுல சுருட்டி ஈரத்தை ஒத்தி எடுத்து, நிழல்ல விரிச்சுப் போடணும். கொடியில தொங்கவிட்டா இழுத்துக்கும்" என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். அவள் இருக்கும்போது அவருக்கு எதற்கு அந்தக் கவலை?

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் மகளின் பெயர் போயிற்று. கடைசியில் அவரும் போனார்.

"நீங்க யாருங்க? இவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்களே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று ஒருநாள் அக்கறையாகக் கேட்டாள்.

சால்வை மட்டும் மறக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு கொடியின் மேல் விரலை ஓட்டுவாள். நெருக்கமான இலைகள் வரும்போது, "இது அம்மா" என்பாள். அவை முடிந்து தன்னுடையவை தொடங்கியதும், "இது நான்." அதற்குப் பிறகு சில நாட்களில், எல்லா நாளும் இல்லை, தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்து, "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காக அவர் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தார்.

ஒரு காலையில் பாலைச் சால்வைமேல் கொட்டிக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீரும் போய்விட்டது. அவளைக் குளிப்பாட்டி வேறு உடுத்திவிடுவதற்குள் அவருக்கு இடுப்பு ஒடிந்தது. நாற்றம் போகவேண்டும் என்ற ஒரே நினைப்பில், படுக்கை விரிப்போடு சேர்த்துச் சால்வையையும் வாஷிங் மெஷினில் திணித்து, வெந்நீருக்குத் திருகிவிட்டார்.

மெஷின் நின்றதும் கதவைத் திறந்து சால்வையை இழுத்தார். கையில் வந்தது முகம் துடைக்கும் துண்டு அளவுக்கு ஒரு கெட்டி முரட்டுத் துணி. சிவப்புச் சாயம் விரிப்பெல்லாம் பரவியிருந்தது. கொடி சுருண்டு, இலைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடந்தன.

பக்கத்து வீட்டு அக்காவை அவளோடு உட்காரவைத்துவிட்டு, கிழிசல் இழையோட்டும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"ஓட்டைன்னா அடைச்சிடலாம் பெரியவரே. இது உள்ளுக்குள்ளயே இறுகிப் போச்சு. கம்பளி ஒரு தடவை இப்படி ஆனா ஆனதுதான்."

"ஏதாவது பண்ணுப்பா. உன் காலை வேணா பிடிக்கிறேன்."

"ஐயோ, என்னங்க நீங்க... வேணும்னா தலைக்குப் போடற கண்டிஷனரைத் தண்ணியில கரைச்சு ஊறவெச்சு, மெதுவா இழுத்துப் பாருங்க. கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். ரொம்ப நம்பாதீங்க."

ஊறவைத்தார். மெத்தைமேல் வைத்து ஓரமெல்லாம் ஊசி குத்தி இழுத்தார். உள்ளங்கையளவு விரிந்து கொடுத்தது. ஆசை விடவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தார். பழைய பஸ் ஸ்டியரிங்கையே வளைத்த கை. அம்மா தைத்த பக்கத்தில் பட்டென்று நூல் அறுந்தது. அவர் அதைச் சுருட்டிப் பரணில் ஒளித்துவைத்தார்.

அவள் தேட ஆரம்பித்தாள். அலமாரியைக் கலைத்துப் போட்டாள், தலையணை உறையைக் கழற்றினாள். "யோவ், நீதான் எடுத்தே! திருட்டுப் பயலே, எங்கம்மா சால்வையைக் குடுய்யா!" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். கடையில் அதே நிறத்தில் புதுசு வாங்கிவந்து போர்த்தினார். விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல உதறினாள்.

மகள் போனில், "சலவைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

சொன்னார். அதன்பிறகு அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டை ஊட்டப்போனால், "சால்வை வரட்டும்" என்று வாயை இறுக்கிக்கொண்டாள். பொய் தாங்காமல் ஒருநாள் உண்மையைச் சொன்னார். செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள். மறுநாள் மறந்துபோய் மறுபடி கேட்டாள். இவர் மறுபடி சொன்னார். மறுபடி முதலிலிருந்து அழுதாள். இந்தக் கேள்வி மட்டும் நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று சமையலறைச் சுவரில் முட்டிக்கொண்டு வேண்டினார்.

நின்றது. அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. சால்வையைக் கேட்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. கொடுத்ததை விழுங்கினாள், உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்தாள். வெறும் மடியில் அந்த விரல்கள்கூட ஓடவில்லை.

அவர் பரணில் ஒளித்துவைத்திருந்த துணியை எடுத்துவந்து அவள் மடியில் போட்டார்.

"பாரு. நான்தான் வெந்நீர்ல போட்டேன். நான்தான் கெடுத்தேன். திட்டும்மா. திருடன்னு சொல்லு, சட்டையைப் பிடி. ஏதாவது சொல்லு!"

நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் வாசலுக்கு வந்து நின்றாள். மனைவி அந்தத் துணியைக் கையில் எடுத்தாள், பார்த்தாள். பிறகு எதிரே மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரை அதனால் நிதானமாகத் துடைத்துவிட்டு, அவரிடம் நீட்டினாள்.