அங்கே மிச்சம், இங்கே செலவு

கரண்ட்டை மிச்சம் பிடிக்க, ராஜபாளையத்து மில்லில் நூற்கும் கூடத்துக்கு ஈரக்காற்று தரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அங்கே ஈரமில்லாமல் காய்ந்துவந்த நூல் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் விசைத்தறியில் ஓயாமல் அறுந்தது. தறி நின்று நான் முடிச்சுப் போடும்வரை மோட்டார் வெறுமனே ஓடும். தொட்டிலில் பிள்ளை பசியில் வீறிடும்.

நூல் கொண்டுவந்த மில் மேஸ்திரி, "கரண்ட்டு எம்புட்டு மிச்சம் தெரியுமாம்மா!" என்று பெருமையடித்தார். அறுந்த நூலை அவர் முன்னால் நீட்டினேன்.

"எங்க அண்ணாச்சி மிச்சம்? அங்க அணைச்சத இங்க நாங்கல்லா எரிக்கோம்!"

"ஏட்டி, சும்மா இரு. நூல் தரமாட்டேன்னுட்டா?" என்றார் கணவர்.

அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் அழுது அழுது பிள்ளையின் குரல் கம்மிப்போயிருந்தது. மோட்டாரை அணைத்தேன்.

"இனி முடிச்ச அவியளே வந்து போடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பால் கொடுக்கப் போனேன்.