கருப்புக்கண்ணும் வெள்ளைக்கண்ணும்

வாடிய தேயிலையின் வாசம் ஃபேக்டரியிலிருந்து வராமல் நின்றுபோனபோது எனக்குப் பத்து வயதிருக்கும். தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கத்து எங்கள் எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்பா வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட, இலங்கையிலிருந்து வந்த நாங்கள் "லயம்" என்றே சொல்லும் அந்த நீள வரிசை வீடுகளில் அம்மாவும் நானும் சின்னத் தங்கை செல்வியும் பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவும்தான் மிஞ்சினோம்.

ஆளில்லாத வீடுகளின்மேல் ஒரு கொடி ஏறியது. ஆரஞ்சுப் பூ, நடுவில் கறுப்பு வட்டம், "கருப்புக்கண்ணு" என்போம். கதவு, ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு அது நம்மையே பார்ப்பதுபோலிருக்கும்; அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயம். "வெள்ளைக்கண்ணு" வேறு மாதிரி: கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட மஞ்சள்பச்சைக் குருவி. கொடி சத்தமில்லாமல் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும்; குருவிகளோ கூட்டமாகக் கீச்சிட்டபடி செடிக்குச் செடி தாவிப் போய்க்கொண்டேயிருக்கும். கவாத்து வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்ட தேயிலைக்குள் கரடி நடமாடிய காலம் அது. "வெள்ளக்கண்ணு கத்துற வரைக்கும் பயமில்ல புள்ள" என்பார் முனியம்மா அக்கா.

ஒரு மதியம், பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் செல்வியைக் காணவில்லை. குருவிகளைத் துரத்திக்கொண்டு போயிருப்பாள் என்று அவற்றின் சத்தத்தை வைத்தே நானும் அம்மாவும் ஓடினோம். காலி வீடுகளை நெருங்கியதும் அத்தனை குருவிகளும் சட்டென்று அடங்கின. அம்மா என் வாயைப் பொத்தினாள். கொடி மூடிய ஒரு வாசலில் கரடி மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டிருந்தது. இலைகளின் இடுக்கில் செல்வியின் சிவப்புப் பாவாடை தெரிந்தது.

என் கால்கள் நகரவில்லை. அம்மா கீழே கிடந்த தகரத்தைத் தூக்கிக் கல்லால் அடித்தபடி முன்னால் போனாள். "செல்வி, வெளிய வராத! அங்கனயே இரு!" கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அம்மா நிற்கவில்லை, இன்னும் ஓங்கி அடித்தாள். அது உறுமிவிட்டு, திரும்பித் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

கொடியைப் பிய்த்து எறிந்து அம்மா அவளை வெளியே இழுத்தாள். "பூவுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டேன்மா" என்றாள் செல்வி. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டோம்.

போன வருடம் செல்வியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். லயம் இல்லை, ஒரு ரிசார்ட் நிற்கிறது. செல்விக்கு அந்த மதியம் நினைவிலேயே இல்லை. "நல்ல எடமாத்தானே இருக்கு, ஏன் இத விட்டுட்டுப் போனோம்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி ரோட்டுக்கு வரும்வரை விடவில்லை.